பூதக்கண்ணாடிக்குக் குமட்டுகிறது

முகம் தெரியாத ஒருவன் படுத்து எழுந்த படுக்கையை நீங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? தலையணையில் எச்சில் காய்ந்த வட்டம் இருக்கும். விரிப்பில் வெட்டிப் போட்ட கால் நகம் கிடக்கும். போர்வைக்குள் பாதி கடித்த சாக்லேட் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். குளியலறைச் சல்லடையைத் தூக்கினால் முடிக்கற்றை நுரையோடு கொழகொழவென்று கையோடு வரும். கருமம். இதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஒரு பெரிய ஹோட்டலில் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பெண்கள் அறையைச் சுத்தம் செய்துவிட்டுப் போன பிறகு நான் உள்ளே நுழைந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு முடி கிடந்தாலும் விருந்தாளி ஊரைக் கூட்டிவிடுவார். எனக்குக் கீழே வேலை செய்யும் பெண்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் பூதக்கண்ணாடி என்பார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைப்பு. தெரியும். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் புதிய மேனேஜர் வந்தார். வேலையை விட்டுப் போன பெண்களுக்குப் பதில் ஆள் எடுக்கவில்லை. "அக்கா, இந்த ஒரு வாரம் மட்டும் பார்த்துக்கோங்க" என்றார். அவர் மேடம் என்று கூப்பிட்டால் திட்டு விழும், அக்கா என்று கூப்பிட்டால் வேலை விழும். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. காலையில் அறைகளைச் சோதிப்பேன், மதியம் நானே மாப்பைத் தூக்கிக்கொண்டு குளியலறையில் மண்டி போடுவேன், வீட்டுக்கு வந்தால் போன் அடிக்கும். விடுமுறை நாளிலும் அடிக்கும். எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்று தலையாட்டினேன். என்னை விட்டால் அந்த இடம் நாறிவிடும் என்று எனக்கு ஒரு திமிர்.

கடைசியில் நாறிப்போனது மனிதர்கள்தான். பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள் இருக்கும் அழுக்கு என் கண்ணில் படும். கடையில் சில்லறை கொடுப்பவரின் நகக்கண் படும். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், பாவம், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனிதர். அவர் கொட்டாவி விட்டால் எனக்கு வயிற்றைப் புரட்டியது. மென்று சாப்பிடும் சத்தம் கேட்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனேன். பிறகு, துவைத்த விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு சோபாவில் படுக்க ஆரம்பித்தேன். படுத்தாலும் தூக்கம் வராது. காலையில் எழுந்தால் ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்ததில் தாடை வலிக்கும்.

எங்களுக்கு ஒரே மகள், பதினான்கு வயது. பேர் என்னவாக இருந்தாலும் வீட்டில் குட்டிதான். பள்ளியிலிருந்து வந்து பின்னால் கட்டிக்கொள்வாள். வியர்வை வாடை அடிக்கும். "சீ, போய்க் குளிடி முதல்ல" என்று தள்ளிவிடுவேன். கொஞ்ச நாளில் கட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதை நான் கவனிக்கவே இல்லை. சுவரில் இருக்கும் விரல் ரேகையைக் கவனித்தேன்.

அவள் பள்ளியில் சுற்றுலா அழைத்துப் போனார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று ஏதோ சொன்னாள். மேனேஜர் போனில் இருந்தார், நான் "உம், உம்" என்றேன். அவள் போன பிறகு அவள் அறைக்குள் நுழைந்தேன். கட்டிலில் துணி, மேசையில் டம்ளர், தரையில் காகிதம். கை தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. விரிப்பை உருவினேன். தலையணை உறையைக் கழற்றினேன். கட்டிலுக்கடியில் குனிந்தால், வரிசையாக மூடி போட்ட கண்ணாடி டப்பாக்கள், உள்ளே பிரெட் துண்டுகள். பிரெட்டா அது? பச்சை, சாம்பல், கறுப்பு என்று மயிர் முளைத்துக் கிடந்தது. ஒன்றில் ஏதோ கசிந்திருந்தது. உவ்வே. மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கொட்டி, இறுகக் கட்டி, குப்பை வண்டியில் போட்டேன். டப்பாக்களையும் சேர்த்துத்தான். பிறகு தரையைத் துடைத்து, புது விரிப்பை மூலை மடித்துப் போட்டு, மேசையில் இருந்த படங்களையும் பொம்மைகளையும் ஒரு பெட்டியில் அடைத்துப் பரணில் ஏற்றினேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

திரும்பி வந்தவள் அறை வாசலில் பையோடு அப்படியே நின்றாள். உள்ளே காலே வைக்கவில்லை.

"டப்பா எங்கம்மா?"

"எந்த டப்பா? அந்தக் கண்றாவியா? தூக்கிப் போட்டேன். வீடா இது, குப்பைமேடா?"

"அது என் சயின்ஸ் போட்டிக்கு. எந்த இடத்துல எந்தப் பூஞ்சை வருதுன்னு பார்த்துட்டு இருந்தேன். கட்டிலுக்குக் கீழே மட்டும் கை வைக்காதேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். நீ உம்னு சொன்னே."

"பூஞ்சைக்கெல்லாம் ஒரு போட்டியா?"

அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அழவில்லை. மூலை மடித்த விரிப்பைப் பார்த்தாள், காலி மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் என்ன செக்-அவுட் பண்ணிட்டா போனேன்?" என்றாள். தோளில் இருந்த பையை இறக்காமலே அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

என் நாத்தனார் வீடு நகரத்தின் இன்னொரு கோடியில். இரண்டு நாளில் கோபம் தணிந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அப்பாவிடம் மட்டும் போனில் பேசினாள். அடுத்த பருவத்திலிருந்து அத்தை வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிடச் சொன்னாள். அம்மா யாரையாவது போய்ப் பார்த்துச் சரியானால் யோசிக்கிறேன் என்றும் சொன்னாளாம்.

"யாரைப் பார்க்கணும்? எனக்கென்ன பைத்தியமா?" என்று நான் குதித்தேன்.

"பைத்தியம்னு யாரும்மா சொன்னா?" என்றார் என் வீட்டுக்காரர். "நான் பஸ் ஓட்டுறவன். பிரேக் பிடிக்கலைன்னா வண்டியைத் திட்டிட்டு உட்கார மாட்டேன், ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவேன்."

"நான் என்ன உங்க ஓட்டை வண்டியா?"

"வண்டி நல்ல வண்டிதான். ஓட்டுற ஆளுங்கதான் சரியில்லை. உன் மேனேஜரைச் சொல்றேன்." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. "புள்ளை இல்லாத வீட்டுக்கு வேலை முடிஞ்சு வரவே பிடிக்கலை" என்றார். அந்த வாரமே ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கக் கிளம்பினேன்.

ஆலோசகர் இருந்த இடம் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. உள்ளே நுழைந்ததுமே எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. நாற்காலி உறையில் எண்ணெய்க் கறை. பிளாஸ்டிக் செடியின் இலைக்கு இலை தூசி. மேசையில் கோப்பை வைத்த வட்டம். யார் யாரோ அழுது மூக்கைச் சிந்திய அறை. ஆலோசகர் அம்மாவுக்கு வேறு ஜலதோஷம். காகிதத்தை உருவி உருவி மூக்கைத் துடைத்துக்கொண்டே "உட்காருங்கம்மா" என்றார். நான் நாற்காலி நுனியில், தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தேன். இந்த மூக்குச்சளிதான் என்னைக் குணப்படுத்தப் போகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கண் போன இடங்களைக் கவனித்தவர், "இந்த ரூம்ல உங்க கண்ணுக்கு என்னெல்லாம் தெரியுது?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார் அல்லவா, கொட்டினேன். கறையிலிருந்து கதவு நிலை மேல் கிடக்கும் தூசி வரைக்கும் ஒன்று விடவில்லை. கோபித்துக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார், நானும் போய்ப் பார்த்தேன் என்று வீட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் கணக்கு. அவர் எழுந்து, எட்டிக் கதவு மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயே, ஆமாம்" என்றார்.

"இவ்வளவையும் பார்க்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நேரம் என்ன? உள்ளே வரும்போதே தெரிஞ்சுடும்."

"அப்போ நீங்க இப்பவும் வேலையிலதான் இருக்கீங்க."

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.

அப்புறம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், தாடையைப் பற்றிக் கேட்டார், கடைசியாக எப்போது சிரித்தேன் என்று கேட்டார். ஓய்வே இல்லாமல் நாள்கணக்கில் ஓடுகிற உடம்பு ஒரு கட்டத்தில் யாரையும் கிட்டே சேர்க்காது என்றார். "நெருங்கி வர்றவங்க எல்லாரும் இன்னொரு வேலையாத் தெரிவாங்க. எட்டப் போன்னு சொல்ல உடம்புக்குக் கிடைச்ச வழிதான் இந்தக் குமட்டல். நீங்க கெட்டவங்க இல்லை, தீர்ந்து போயிட்டீங்க." எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அடுத்த வாரமும் போனேன். குட்டிக்காகப் போனேன், உண்மையைச் சொன்னால்.

அங்கே மந்திரம் ஒன்றும் போடவில்லை. சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார், எல்லாம் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. வேலை முடிந்ததும் சீருடையை மாற்றிவிட்டு, கையை ஒரே ஒரு தடவை கழுவி, "வேலை முடிஞ்சது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் நாள் சொன்னபோது பக்கத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்த பெண், "சரி மேடம்" என்று பயந்துபோய் ஓடிவிட்டாள். இன்னொன்று, வீட்டில் ஒரு காபிக் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். அடியில் ஒட்டிய சக்கை என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. நெஞ்சு படபடத்தது, கை அரித்தது. எழுந்திருக்கக் கூடாது என்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் படபடப்பு தானாக அடங்கியது. கோப்பை அங்கேயேதான் இருந்தது, யாரும் செத்துப்போகவில்லை. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதை நான் கழுவலாமா, இல்லை இது பாடமா?" என்றார். வெகு நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

முடியாது என்று சொல்லவும் அந்த அம்மா பழக்கினார். அவர் மேனேஜராக நடிப்பார், நான் நானாகவே இருப்பேன். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று அவர் குழைவார். நான் முடியாது என்று சொல்லிவிட்டு, மகள், தலைவலி, சொந்தக்காரர் கல்யாணம் என்று காரணம் அடுக்குவேன். "காரணம் கேட்கலையே" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு நாள் மேனேஜர் நிஜமாகவே கூப்பிட்டார். "அக்கா, நாளைக்கு லீவைக் கொஞ்சம்..." என்றார். "முடியாது சார்" என்றேன். காரணம் சொல்லவில்லை. "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார், பிறகு தற்காலிகமாக ஆள் எடுத்தார். ஆள் எடுக்கவே முடியாது என்று இத்தனை மாதம் சாதித்த அதே மனிதர். தூ, இதற்காகவா நான் தூக்கத்தைத் தொலைத்தேன் என்று வயிறு எரிந்தது.

எல்லாம் ஏறுமுகமாகப் போனது என்று சொன்னால் பொய். நடுவில் ஒரு தடவை, "நீங்க பேசிட்டே இருக்கீங்க, என் புள்ளை வர்ற வழியைக் காணோம்" என்று அந்த அம்மாவிடம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த டப்பாவைத் தூக்கிப் போடும்போது உங்க மனசுல என்ன இருந்தது?"

"குமட்டல்."

"அவ ரூம்னு நினைப்பு இருந்ததா?"

இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். இல்லை. யோசித்துப் பார்க்கப் பார்க்க இல்லை. அந்தக் கட்டிலில் என் மகள் படுப்பாள், அந்தப் பொம்மை அவள் சின்ன வயதில் கடித்த பொம்மை என்று எதுவுமே தோன்றவில்லை. நம்பர் போட்ட இன்னொரு அறை. அவ்வளவுதான் தெரிந்தது. பெற்ற மகளை நான் முகம் தெரியாத விருந்தாளியாகத் துடைத்து எடுத்திருக்கிறேன். அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டு அழுதேன். கண்ணீரும் சளியுமாக ஒழுகியது. காகிதத்தில் துடைத்துப் பார்த்தால் அதுவே அருவருப்பாக இருந்தது. "சீ, என்னைப் பார்க்க எனக்கே குமட்டுது" என்றேன். "அழுதா மூக்கும் ஒழுகத்தாம்மா செய்யும்" என்று அந்த அம்மா காகிதப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

அழுததற்காக மகள் திரும்பி வந்துவிடுவாளா? வரவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. பருவம் முடியப் போகிறது, புதிய பள்ளியில் பேச வேண்டும் என்று என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அந்த வாரமே, எனக்கு விடுமுறையான ஒரு முற்பகலில் அவரிடமிருந்து போன். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு குட்டி சத்தியம் வாங்கியிருக்கா. சொல்லிடறேன். தங்கச்சியோட சின்னப் பொண்ணுக்கு ஸ்கூல்ல பேன் வந்து, இவளுக்கும் ஒட்டிக்கிச்சு. தலை முழுக்கவாம். தங்கச்சி முடியை ஒட்ட வெட்டிடலாம்னு கத்திரிக்கோலை எடுத்திருக்கா. இவ பாத்ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு உட்கார்ந்திருக்கா."

பேன் என்ற சொல்லைக் கேட்டதும் என் தலை முழுக்க ஊர்ந்தது. ஆனாலும் கிளம்பினேன். போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

நாத்தனார் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். "அண்ணி, எனக்கும் இருக்கு, கிட்ட வராதீங்க" என்றாள். அவளுடைய சின்ன மகள் உரித்த முட்டை மாதிரித் தலையோடு மூலையில் விசும்பிக்கொண்டிருந்தாள். ஹோட்டலில் நான் இரண்டு தட்டு தட்டி, ஹவுஸ்கீப்பிங் என்று குரல் கொடுத்து, என் சாவியால் திறந்துகொண்டு உள்ளே போகிறவள். இங்கே அந்தப் பாத்ரூம் கதவை நான் தட்டவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்தேன்.

"குட்டி, அம்மாடி."

"நீ எதுக்கு வந்தே? போம்மா. உனக்கு வாந்தி வரும்."

"வரும்தான். கத்திரிக்கோல் வேண்டாம்டி. சீப்பு போட்டு எடுத்துடலாம். நேரம்தான் ஆகும்."

"உனக்கு டியூட்டி இருக்குமே."

"இல்லை."

உள்ளே குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. என் கால் மரத்துப்போன பிறகு தாழ்ப்பாள் விலகியது. அவள் முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றாள். கொஞ்சம் வளர்ந்துகூட இருந்தாள்.

வெயில் விழும் பின்கட்டுப் படியில் நான் மேலேயும் அவள் கீழேயும் உட்கார்ந்தோம். மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தேன். பேன் சீப்பை முதல் இழுப்பு இழுத்ததுமே துண்டில் விழுந்தன. ரத்தம் குடித்துக் கொழுத்தவை, கால்களை ஆட்டிக்கொண்டு. காதுக்குப் பின்னால் ஈர் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. ஒன்று என் கட்டைவிரல் மேலே ஏறியது. வயிற்றில் இருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தேன். அவள் முதுகு விறைத்தது.

"நான்தான் சொன்னேனே. விடும்மா. அத்தை வெட்டிடட்டும்."

"குமட்டுதுடி. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பக் கண்றாவியா இருக்கு."

"அப்போ போ."

"போக மாட்டேன். குமட்டினா குமட்டட்டும். தலையை நேரா வை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு, மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்தாள். அதையும் பார்த்தேன். நகத்தின் மேல் நகத்தை வைத்து ஒவ்வொன்றாகக் குத்தினேன். டக் டக் என்றது. சிக்கை எடுத்தேன், வகிடு பிரித்தேன், மறுபடி சீவினேன்.

"அந்த டப்பாக்களுக்காக அம்மாவை மன்னிச்சுக்கோடி" என்றேன். "அந்த ரூமைக் காலி பண்ணினதுக்கும்."

வெயில் ஒரு படி கீழே இறங்கியது. அப்புறம் அவளாகவே பேச ஆரம்பித்தாள். ஒரு டப்பாவில் நீல நிறத்தில் ஒன்று வந்ததாம், ஓரம் மட்டும் வெள்ளையாம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அகலுமாம், அவ்வளவு அழகாம். கேட்கவே எனக்கு என்னவோ செய்தது. ஆனாலும் கேட்டேன். சுற்றுலாவுக்கு முதல் நாள் அதைத்தான் எனக்குக் காட்ட வந்தாளாம், நான் போனில் இருந்தேனாம்.

என் முதுகு ஒடிந்துவிடும்போல் இருந்தது. சீப்பில் விழுவது குறைந்திருந்தது. அவள் தலை என் முழங்காலில் சாய்ந்தது. களைப்பில் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அம்மா" என்றாள், திரும்பாமலே. "இதெல்லாம் ஒரே நாள்ல போகாதாம். இப்ப நான் வீட்டுக்கு வந்தா உனக்கும் அப்பாவுக்கும் ஒட்டிக்குமே."

சீப்பைத் துண்டின் மேல் போட்டேன். குனிந்து, ஈரும் பேனுமாக இருந்த அந்தத் தலையில் என் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"ஒட்டட்டும்டி" என்றேன்.